இலவசமாகக் கொடுத்தால் மட்டும் போதுமா?

நகரி பஜாரில் உள்ள ஒரு ஜெராக்ஸ் கடைக்கு விசைத்தறித் தொழிலாளி ஒருவர் தமது மகளின் கம்ப்யூட்டரைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். மகள் புத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். பெட்டியைத் திறந்தால் தினமும் ஏதோ எச்சரிக்கை வருகிறது என்பது அவருடைய கவலை.

கடைக்காரர் இரண்டு நிமிஷம் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கு ஆயுசு முடிஞ்சுபோச்சு மாமா. கம்பெனிக்காரனே கையை விட்டுட்டான். புதுசு வாங்கிடுங்க."

"பெட்டி நல்லாத்தானே ஓடுது?" என்றார் தொழிலாளி. "எங்க வீட்டுத் தறி இருபது வருஷத்துப் பழசு. நாடா உடைஞ்சா நாடாவை மாத்தறோம். தறியையே தூக்கிப் போடறோமா?"

கடைக்காரரிடம் இதற்குப் பதில் இல்லை. பதில் இல்லாதது அவர் குற்றமும் அல்ல. பதில் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது சென்னையிலேயே தயாராகி, சர்க்கார் முத்திரையோடு பல ஆண்டுகளாகக் காத்துக்கொண்டும் இருக்கிறது. ஆனால் சென்னையிலிருந்து நகரி வரைக்கும் அது வந்து சேரவில்லை. ஏன் வரவில்லை, இனி வரவைக்க என்ன செய்ய வேண்டும் என்பதே இன்று யோசிக்க வேண்டிய விஷயம்.

எச்சரிக்கையின் பொருள்

மைக்ரோசாப்ட் கம்பெனி தனது விண்டோஸ் 10 என்ற அமைப்புக்குக் கொடுத்துவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்தியது. பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026 அக்டோபர் வரை தவணை தந்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அது எல்லாப் பெட்டியிலும் ஏறுவதில்லை. குறிப்பிட்ட வகைப் பாதுகாப்புச் சில்லும், ஏறக்குறைய 2018-க்குப் பிறகு வந்த பிராசசரும் இருந்தால்தான் கம்பெனி அனுமதிக்கிறது. அதற்கு முந்திய பெட்டிகள் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் பெரும்பாலும் தகுதி இல்லாதவையே.

திருத்தம் வராத பெட்டி உடனே நின்றுவிடாது. ஆனால் பூட்டுப் பழுதான வீட்டைப் போல, எவனும் எப்போதும் உள்ளே வரலாம் என்ற நிலையில் அது ஓடும். அந்தப் பெட்டியிலேதான் சம்சாரியின் பாங்குக் கணக்கும், பிள்ளையின் பரீட்சை விண்ணப்பமும், குடும்ப அட்டை நகலும் இருக்கின்றன.

புதுப் பெட்டி வாங்க முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய் வேண்டும். கூலி நெசவு செய்கிறவருக்கும், மாதச் சம்பளத்தில் வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மிச்சம் பார்க்கிற குமாஸ்தாவுக்கும் இது சின்னத் தொகை அல்ல.

தறியும் கம்ப்யூட்டரும்

கம்ப்யூட்டர் என்றால் பெட்டியும் திரையும் மட்டும் அல்ல. சுவிட்சைப் போட்டதும் இயந்திரத்தை எழுப்பி, நினைவகம், பிரிண்டர், இன்டர்நெட் எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற ஓர் ஏற்பாடு உள்ளே இருக்கிறது. இதை இயங்குதளம் என்கிறார்கள். விண்டோஸ் ஓர் இயங்குதளம். லினக்ஸ் மற்றொன்று.

இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் விலையில் இல்லை. விண்டோஸின் உள்வேலை அதைச் செய்த கம்பெனிக்கு மட்டுமே தெரியும். லினக்ஸின் உள்வேலை முழுவதும் எழுத்தில் திறந்து கிடக்கிறது. யாரும் படிக்கலாம், பழுது பார்க்கலாம், மாற்றலாம், நகல் எடுத்து அடுத்தவருக்கும் கொடுக்கலாம். விசைத்தறியின் மூடியைக் கழற்றி ஸ்பானரை வைத்து முடுக்க உரிமையாளருக்கு உள்ள அதே உரிமைதான் இது.

இந்த எண்ணம் பிறந்ததற்கே ஒரு பிரிண்டர் காரணம் என்று சொல்வார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், காகிதம் சிக்கிக்கொண்டு அடிக்கடி நின்றுபோன பிரிண்டரைச் சரிசெய்ய முயன்றார். அதற்கான நிரலைக் கம்பெனி கொடுக்கவில்லை. இந்த அனுபவம் அவரை உறுத்தியது. 1983-ல் யாவரும் திறந்து பார்க்கக்கூடிய ஓர் அமைப்பை எழுதப் போவதாக அவர் அறிவித்தார். 1991-ல் பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்குத் தேவையான மையப் பகுதியை எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்ததே இன்று லினக்ஸ் என்று வழங்குகிறது.

லினக்ஸ் ஏதோ விஞ்ஞானிகளின் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். சட்டைப் பையில் உள்ள ஆண்ட்ராய்டு போன் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஓடுவது லினக்ஸின் மையப் பகுதிதான். இந்தியாவின் கீழ்க் கோர்ட்டுகளில் உபுண்டு என்ற லினக்ஸ் வகை பல ஆண்டுகளாக வேலை செய்கிறது. 2015-ல் மத்திய அரசு தன் அலுவலகங்களில் திறந்த மென்பொருளுக்கே முன்னுரிமை என்று கொள்கை வெளியிட்டது. ஆக, தரத்தைப் பற்றிச் சந்தேகம் இல்லை. சந்தேகம் எல்லாம் பரப்பும் முறையைப் பற்றித்தான்.

சென்னையில் பிறந்த பிள்ளை

2005-ல் மத்திய அரசின் சி-டாக் நிறுவனமும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யூ.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் சேர்ந்து, திறந்த மென்பொருளுக்கான தேசிய மையம் ஒன்றைச் சென்னையில் அமைத்தன. அங்கிருந்து 2007-ல் வெளிவந்தது 'பாஸ்' என்ற இயங்குதளம். பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. டெபியன் என்ற உலகப் புகழ் பெற்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து, தமிழ், தெலுங்கு உள்ளிட்ட இந்திய மொழிகளைத் திரையில் காட்டும்படி அமைத்தார்கள். முதல் பதிப்புக்குத் தரங், அடுத்ததற்கு அனந்த், பிறகு தேஜஸ் என்று பெயர் சூட்டினார்கள். பள்ளிகளுக்கென்று எடுபாஸ் என்று தனி வகையும் வந்தது.

செய்த வேலையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிள்ளையைப் பெற்றவர்கள் அதை ஊருக்கு அறிமுகம் செய்து வைக்கவில்லை. ஒரே ஒரு முறை மிகப் பெரிய வாய்ப்பு வந்தது. அது நகரிக்கு மிக அருகிலேயே வந்தது.

காக்களூரில் கிடைத்த வாய்ப்பு

2011 செப்டம்பர் 15-ந் தேதி திருவள்ளூரை அடுத்த காக்களூரில், அப்போதைய தமிழ்நாடு முதலமைச்சர் ஜெயலலிதா மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதல் ஆண்டுக்கு மட்டும் 9.12 லட்சம் மடிக்கணினிகள் என்று திட்டம். ஒவ்வொன்றிலும் விண்டோஸ், பாஸ் இரண்டும் ஏற்றப்பட்டிருந்தன. உலகத்தில் வேறு எந்த லினக்ஸுக்கும் ஒரே மாநிலத்தில், ஒரே வீச்சில், இத்தனை இளம் கைகள் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

நடந்தது என்ன? பெட்டி கையில் வந்த பையன் சுவிட்சைப் போட்டான். திரையில் இரண்டு பெயர் வந்தது. ஒன்று சினிமா போஸ்டர் போலப் பழகிய பெயர். மற்றொன்று கேள்விப்படாத பெயர். அது என்ன என்று வாத்தியாரைக் கேட்டான். வாத்தியாருக்கும் தெரியவில்லை. பாடப் புத்தகத்தில் அதைப் பற்றிப் போதிய பாடம் இல்லை. பரீட்சையில் கேள்வி இல்லை. கடைக்குப் போனான். கடைக்காரர் நூறோ இருநூறோ வாங்கிக்கொண்டு பாஸை அழித்து, அந்த இடத்தில் திருட்டு நகல் விண்டோஸை ஏற்றிக் கொடுத்தார். தெருவுக்குத் தெரு நடந்த கதை இது. சட்டப்படி கிடைத்ததை அழித்து, சட்ட விரோதமானதைக் காசு கொடுத்து வாங்கினார்கள்!

இதற்கு மாணவனைக் கோபித்துப் பயன் இல்லை. லட்சக் கணக்கில் பெட்டி கொடுத்தவர்கள், அதைச் சொல்லித்தர ஆள் கொடுக்கவில்லை. கலப்பையைக் கொடுத்துவிட்டு உழவு சொல்லித்தராமல் போனால், அது அடுப்புக்குத்தான் விறகாகும்.

இன்னொரு தவறும் உண்டு. ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் குழம்புகிறார்கள். தமிழில் அந்தக் குழப்பம் இல்லை. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அப்படி இருந்தும் பாஸை மக்கள் முன் வைத்தபோது 'காசு இல்லாதது' என்ற ஒரு குணத்தோடுதான் வைத்தார்கள். திறந்து பார்க்கலாம், திருத்தலாம், யாரும் பறிக்க முடியாது என்ற பெரிய குணத்தைச் சொல்லவே இல்லை. சும்மா கிடைப்பது மட்டமாகத்தான் இருக்கும் என்பது சந்தை வழக்கு. மக்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

2014 ஏப்ரல் 8-ந் தேதி விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு ஆதரவு நின்றபோது இரண்டாவது வாய்ப்பு வந்தது. தமிழ்நாடு அரசு தன் துறைகளைத் திறந்த மென்பொருள் பக்கம் போகும்படி கூறியது. காகிதம் போனது. பழக்கித்தரும் ஆள் போதவில்லை. பெரும்பாலான மேஜைகளில் பழைய வழக்கமே தொடர்ந்தது.

கேரளம் செய்த வேலை

இதே காலத்தில் மேற்கே கேரளத்தில் என்ன நடந்தது என்று பார்ப்பது பயன் தரும். அங்கே 2001-ல் ஐ.டி.@ஸ்கூல் என்ற திட்டம் தொடங்கியது. அவர்கள் பெட்டியை மட்டும் கொடுக்கவில்லை. முதலில் ஆசிரியர்களைப் பழக்கினார்கள். பாடப் புத்தகத்தை மாற்றினார்கள். பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பத் தேர்வையே லினக்ஸில் நடத்தினார்கள்.

தேர்வு வந்தால் பெற்றோர் கேட்பார்கள். பெற்றோர் கேட்டால் கடைக்காரர் கற்றுக்கொள்வார். கடைக்காரர் கற்றுக்கொண்டால் ஊருக்கே வந்துவிடும். கேரளத்தின் ரகசியம் இவ்வளவுதான். 2017-ல் அந்தத் திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமாக மாறியது. 2018-ல் பள்ளி மாணவர்களையே பழுது பார்ப்பவர்களாகப் பழக்க 'லிட்டில் கைட்ஸ்' என்ற சங்கங்கள் அமைந்தன. 2019-ல் பள்ளிகளின் 2 லட்சம் கம்ப்யூட்டர்களில் புதிய லினக்ஸ் பதிப்பை ஏற்றியபோது, உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கைட் கணக்குச் சொன்னது.

தமிழ்நாடு பெட்டியைக் கொடுத்தது. கேரளம் பாடத்தைக் கொடுத்தது. பெட்டிக்கு வயதாகிவிட்டது, பாடம் இன்னும் நடக்கிறது.

ஒரு மனிதரை நம்பினால்

தமிழ்நாட்டில் முயற்சியே நடக்கவில்லை என்பது நியாயம் ஆகாது. எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக சி. உமாசங்கர் இருந்த காலத்தில், 2006-க்குப் பின் அந்த அலுவலகமே சூசே லினக்ஸுக்கு மாறியது. சிப்பந்திகள் லினக்ஸில் கடிதம் எழுதினார்கள், கணக்குப் பார்த்தார்கள். அவர் வேறு பணிக்கு மாற்றப்பட்டதும் அந்த வேகம் தணிந்தது.

ஜெர்மனியில் மியூனிக் நகராட்சியின் கதையும் இதுவே. 2003-ல் லினக்ஸுக்கு மாற முடிவு செய்து, பத்தாண்டுக் காலம் உழைத்து, சுமார் 15,000 மேஜைகளை மாற்றினார்கள். பதவியில் ஆள் மாறியது. 2017-ல் நகர மன்றம் மறுபடி விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் என்ற மாநிலம் 2024-ல் தனது 30,000 கம்ப்யூட்டர்களைத் திறந்த மென்பொருளுக்கு மாற்றப் போவதாக அறிவித்தது.

இதிலிருந்து கிடைக்கும் படிப்பினை ஒன்று. உயர் அதிகாரி ஒருவரின் உற்சாகத்தில் நிற்கிற காரியம் அவர் ரயில் ஏறியதும் சாய்ந்துவிடும். பரீட்சை, பாடம், கடை, மெக்கானிக் என்ற நாலு காலில் நிற்கிற காரியம் யார் போனாலும் நிற்கும்.

ரயில்வே சொல்லும் பாடம்

மூடிய அமைப்பை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ரயில் டிக்கெட் ரிசர்வேஷனே உதாரணம். 1990களில் நாடு முழுவதையும் இணைத்த கான்சர்ட் என்ற ரிசர்வேஷன் அமைப்பு, டிஜிட்டல் என்ற அமெரிக்கக் கம்பெனியின் வி.எம்.எஸ். என்ற இயங்குதளத்தின் மேல் கட்டப்பட்டது. உறுதியான அமைப்புதான், கோடிக் கணக்கானவர்களுக்கு பெர்த் கொடுத்தது. ஆனால் 1998-ல் டிஜிட்டல் கம்பெனியை காம்பேக் வாங்கியது. 2002-ல் காம்பேக்கை ஹெச்.பி. வாங்கியது. அந்த இயங்குதளம் ஓடிய ஆல்பா என்ற சில்லு பிறகு தயாரிப்பிலேயே இல்லாமல் போனது.

எங்கோ ஒரு நாட்டில் இரண்டு முதலாளிகள் கை குலுக்கினால், அரக்கோணம் கவுண்டரில் உள்ள இயந்திரத்தின் எதிர்காலம் மாறுகிறது. ரயில்வே போன்ற பெரிய ஸ்தாபனத்துக்குப் பேரம் பேசும் சக்தி உண்டு. நகரியின் தறித் தொழிலாளிக்கு அது உண்டா?

எதிர்ப்பக்கத்து நியாயம்

லினக்ஸைப் பரப்ப விரும்புகிறவர்கள் எதிர்ப்பக்கத்தார் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதில்லை என்ற குறை உண்டு. அதுவும் நீங்க வேண்டும்.

நூல் மண்டியிலும் மளிகை மொத்தக் கடையிலும் கணக்கு எழுதுவது டாலி என்ற மென்பொருளில். அது விண்டோஸுக்கென்று செய்யப்பட்டது. கல்யாணப் பத்திரிகையும் பேனரும் அடிக்கிற கடையில் கோரல்டிரா வேண்டும், பேஜ்மேக்கர் வேண்டும், பழைய தமிழ், தெலுங்கு எழுத்துருக்கள் வேண்டும். வரி விண்ணப்பத்துக்கு உள்ள டிஜிட்டல் கையெழுத்துச் சாவி சில சமயம் லினக்ஸில் எளிதில் பேசுவதில்லை. சில பிரிண்டர்கள் சண்டித்தனம் செய்கின்றன. இவை எல்லாம் உண்மை. இந்தக் கடைக்காரரிடம் போய், "நாளையே மாறுங்கள்" என்று சொன்னால் அவர் சிரிப்பார். அவர் சிரிப்பதில் நியாயம் உண்டு.

ஆனால் வீட்டில் உள்ள பெட்டிக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் பெரும்பாலும் இல்லை. பிள்ளை படிக்க வேண்டும், விண்ணப்பம் போட வேண்டும், கடிதம் அடிக்க வேண்டும், ஊரில் உள்ள பாட்டியின் முகத்தைத் திரையில் பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் லினக்ஸ் தாராளமாகப் போதும். அதுவும் விண்டோஸ் 11 வேண்டாம் என்று ஒதுக்கிய அதே பழைய பெட்டியில் ஓடும். எனவே கடையில் தொடங்காமல் வீட்டிலும் பள்ளியிலும் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

இரண்டு மொழி வீடு

1960 ஏப்ரல் 1-ந் தேதி எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. நகரி, புத்தூர், சித்தூர், திருப்பதி எல்லாம் ஆந்திரத்திலேயே நின்றன. ரயிலில் சில ஸ்டேஷன்கள் தாண்டினால் மாநிலமே மாறுகிறது. எத்தனையோ வீடுகளில் அப்பா தமிழ்ப் பத்திரிகை படிக்கிறார். மகன் தெலுங்கில் பாடம் படிக்கிறான். அப்பாவுக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. மகனுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது.

இப்படிப்பட்ட வீட்டுக்கு லினக்ஸ் ஒரு நல்ல உதவி செய்ய முடியும். ஒரே பெட்டியில் அப்பா தம் பெயரில் நுழைந்தால் திரை தமிழில் வரும்படியும், மகன் தன் பெயரில் நுழைந்தால் தெலுங்கில் வரும்படியும் அமைக்கலாம். விண்டோஸிலும் தமிழ் உண்டு, மறுப்பதற்கு இல்லை. ஆனால் அதில் ஒரு சொல் தப்பாகவோ புரியாமலோ இருந்தால் கம்பெனிக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். லினக்ஸில் அந்தச் சொல்லைத் திருத்தி அனுப்ப ஒரு குமாஸ்தாவுக்கும் வழி உண்டு.

அப்படி உழைத்தவர்கள் தமிழில் ஏற்கெனவே பலர். 1998 முதல் சென்னையில் லினக்ஸ் பயன்படுத்துவோர் குழு கூடி வருகிறது. அரக்கோணம் தாண்டினால் வரும் காஞ்சிபுரத்திலும் அப்படி ஒரு குழு உண்டு. 2012 ஜனவரியில் 'கணியம்' என்ற தமிழ் இதழ் தொடங்கி, லினக்ஸைத் தமிழிலேயே சொல்லித்தந்தது. தெலுங்கில் 'ஸ்வேச்சா' என்ற அமைப்பு அதே வேலையைச் செய்கிறது. இவர்கள் எல்லாரும் சம்பளம் இல்லாமல் உழைத்தவர்கள். ஒரு பக்கம் சர்க்கார் நிறுவனம், மறு பக்கம் தொண்டர்கள். நடுவில் பாலம் போதவில்லை என்பதுதான் குறை.

இனி எந்தத் திசை?

பாஸ் பத்தாம் பதிப்பு வரை வந்துவிட்டது. பதிப்புக்கு ஒரு புதுப் பெயர் சூட்டி விழா நடத்துவதால் பிரயோஜனம் இல்லை. கீழ்க்கண்ட காரியங்களில் சிரத்தை காட்டினால் போதும்.

முதலாவது, ஊருக்கு ஒரு ஆள். ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் மூன்று மாதப் பயிற்சி ஒன்று வைக்க வேண்டும். பழைய பெட்டியில் லினக்ஸ் ஏற்றுவது, பிரிண்டரைப் பழக்குவது, பழைய கோப்புகளைப் பத்திரமாக மாற்றுவது ஆகிய மூன்றைச் சொல்லித்தந்தால், படித்து முடித்த பையன் பஜாரில் ஒரு மேஜை போட்டுப் பிழைத்துக்கொள்வான். பெட்டி ஒன்றுக்கு முந்நூறு ரூபாய் கூலி கொடுக்க யாரும் தயங்க மாட்டார்கள். மென்பொருள் இலவசமாக இருக்கலாம். மெக்கானிக்கின் உழைப்பு இலவசமாக இருக்கக் கூடாது. இந்த இடத்தில்தான் லினக்ஸைப் பரப்பியவர்கள் இத்தனை நாளும் தவறினார்கள். தொண்டர் ஓய்ந்து போவார். தொழிலாளி ஓய்ந்து போக மாட்டார், ஏனென்றால் அது அவர் பிழைப்பு.

இரண்டாவது, பரீட்சை. கேரளம் காட்டிய வழியில், ஆந்திரமும் தமிழ்நாடும் பள்ளிக் கம்ப்யூட்டர் தேர்வில் திறந்த மென்பொருளுக்கு மதிப்பெண் வைக்க வேண்டும். கிளார்க் வேலைக்கான தட்டச்சுத் தேர்வை லினக்ஸிலும் எழுதலாம் என்று ஒரு வரி சேர்த்தால், ஆயிரம் விளம்பரத்துக்குச் சமம்.

மூன்றாவது, நிலையான ஆதரவு. ஒரு பதிப்பை ஏற்றிக்கொண்டவருக்கு இத்தனை ஆண்டு வரை திருத்தம் வரும் என்று சி-டாக் தேதி போட்டு உறுதி கொடுத்து, அதைக் காப்பாற்ற வேண்டும். தமிழிலும் தெலுங்கிலும் பதில் சொல்கிற ஒரு டெலிபோன் எண் வேண்டும். நடு இரவில் வேண்டாம். கடை திறந்திருக்கும் நேரத்தில் பதில் வந்தால் போதும்.

நான்காவது, சொற்கள். திரையில் வரும் தமிழ் பண்டிதருக்கு மட்டும் புரிவதாக இருக்கக் கூடாது. 'சேமி', 'அழி', 'அச்சிடு' என்பவை எல்லாருக்கும் விளங்குகின்றன. விளங்காத சொற்கள் நிறைய உண்டு. 1997-ல் குப்பத்தில் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகம் சித்தூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. தென்மொழிகளுக்கென்றே ஏற்பட்ட அந்தப் பல்கலைக்கழகம், தமிழ், தெலுங்கு இரண்டு திரைகளையும் சாதாரண மக்களை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிச் சீர் செய்தால், அது பெரிய தொண்டாகும்.

ஐந்தாவது, விற்பனை. கடையில் வரிசையாக வைத்திருக்கும் புதுப் பெட்டிகளில் ஒன்றாவது லினக்ஸ் ஏற்றித் தயாராக இருக்க வேண்டும், விலை வித்தியாசம் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். கண்ணால் பார்க்காத சரக்கை யார் கேட்டு வாங்குவார்கள்?

யார் தொடங்குவது?

இந்த ஐந்தில் நான்கு சர்க்காரின் கையில் இருக்கிறது. மனுப் போடலாம், கேட்கலாம், காத்திருக்கலாம். ஆனால் முதலாவதான 'ஊருக்கு ஒரு ஆள்' என்பதற்குச் சர்க்கார் உத்தரவு தேவை இல்லை. நகரியிலும் புத்தூரிலும் திருப்பதியிலும் தமிழ்ச் சங்கங்கள் இருந்தால் அவையும், தொழிற்சங்கங்களும், பொங்கலுக்குக் கோலப் போட்டி நடத்துகிற அதே ஆர்வத்தோடு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூட அறையைக் கேட்டு வாங்கினால் போதும். சென்னையிலோ காஞ்சிபுரத்திலோ உள்ள தொண்டர்களை ஒரு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்து அழைத்தால் வரத் தயங்க மாட்டார்கள். பழைய பெட்டி வைத்திருக்கிறவர்கள் எடுத்து வரட்டும். முதலில் உள்ளே இருக்கும் படங்களையும் கோப்புகளையும் வேறு இடத்தில் பத்திரப்படுத்திக்கொண்டு, பிறகு ஏற்றிப் பார்க்கட்டும். பிடிக்காவிட்டால் பழையபடி மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டு, பெட்டியைத் தொடாமல் பார்க்கும் வசதியும் உண்டு.

அந்த அறையில் கற்றுக்கொண்ட பத்துப் பேரில் இரண்டு பேர் அதையே தொழிலாக எடுத்துக்கொண்டால் காரியம் முடிந்தது. பஜாரில் ஒரு கடைப் பலகையில் 'இங்கே பழைய கம்ப்யூட்டர் புதுப்பித்துத் தரப்படும்' என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதியிருக்கும் நாளில், அந்த இயங்குதளத்துக்கு வேறு விளம்பரமே தேவை இல்லை.

காக்களூரில் 2011-ல் ஒரு வாய்ப்பு தவறியது. 2014-ல் இன்னொன்று தவறியது. இப்போது விண்டோஸ் 10 ஓய்ந்துபோனதால் மூன்றாவது வந்திருக்கிறது. இந்தத் தடவையும் தவறினால் நஷ்டம் சி-டாக்குக்கு அல்ல. துண்டில் சுற்றிய பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போன அந்தத் தறித் தொழிலாளிக்குத்தான். புதுப் பெட்டிக்குக் கடன் வாங்கினால் வட்டி கட்டப்போகிறவர் அவர். வாங்காவிட்டால் பூட்டில்லாத பெட்டியில் படிக்கப்போகிறவள் அவர் மகள்.

நாடா உடைந்தால் நாடாவை மாற்ற வேண்டும், தறியைத் தூக்கி எறியக் கூடாது. தறி ஓட்டுகிறவருக்குத் தெரிந்த இந்த நியாயம் சர்க்காருக்கும் சங்கங்களுக்கும் எப்போது தெரியப்போகிறது?